துபாயில் கற்றதும் வீட்டில் கற்றதும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கிக் கொண்டிருந்தேன். எங்கள் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஸலாம் சொல்லி என் கையைப் பற்றிக்கொண்டார். துபாய்க்கு விசா வந்துவிட்டதாம். பத்து நாள்களில் பயணமாம். "மாமா, நீங்கள் பதின்மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தவர்கள். ஊர் திரும்பிச் சொந்தமாக வியாபாரமும் செய்தவர்கள். நான் அங்கே போய் முக்கியமாக எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்றார்.

"கணக்கு" என்றேன்.

அவர் புன்னகை செய்தார். வணிகவியல் பட்டம் பெற்றவர் அவர். பத்தாம் வகுப்போடு நின்ற நான் அவருக்குக் கணக்கைப் பரிந்துரைப்பது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நான் சொன்ன கணக்கு வேறு. அதைப் பள்ளிவாசல் வாசலில் நின்று விளக்க இயலவில்லை. அவரைப் போலப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களை வழியனுப்பக் காத்திருக்கும் குடும்பத்தாருக்கும் பயன்படக்கூடும் என்றெண்ணி இங்கே எழுதுகிறேன்.

தறிக்குழியில் தொடங்கிய கல்வி

எங்கள் ஊர் நெல்லைச் சீமையிலுள்ள மேலப்பாளையம். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்ட ஊர் அது. இங்கே நெய்த கைலிகள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியதை முதியவர்கள் பெருமையோடு சொல்வார்கள். கைலியை எங்கள் பக்கத்தில் சாரம் என்பதும் உண்டு. என் வாப்பா குழித்தறியில் நெய்தவர்கள். உம்மா தார் சுற்றிக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நாங்கள் பிள்ளைகள் பாவு ஓட்டுவதற்குத் துணை நிற்போம்.

நூலின் நம்பரை விரலால் தடவிச் சொல்ல வாப்பா எனக்குப் பழக்கினார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டம் எத்தனை நிற்கிறதோ அதுவே அந்த நூலின் நம்பர். அறுபதாம் நம்பர் என்றால் அறுபது சிட்டம். நூறாம் நம்பர் என்றால் நூறு சிட்டம். நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும், துணி வழவழப்பாகும், விலையும் ஏறும். சாயம் நின்றதா என்று பார்க்க ஈரத்துணியால் தேய்த்துப் பார்ப்பது, ஓர் அங்குலத்தில் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணுவது ஆகியவையெல்லாம் அந்தத் தறிக்குழியின் ஓரத்தில் அமர்ந்து நான் கற்றவை. இது ஒரு கல்வி என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. தறியிலிருந்து தப்பிப் போனால் போதும் என்றுதான் தோன்றிற்று.

வெளிச்சந்தைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின; விசைத்தறி பெருகிற்று. கூலி குடும்பத்துக்குப் போதவில்லை. 1982இல் எனக்குத் திருமணம். அடுத்த ஆண்டு 12,000 ரூபாய் கடன்பட்டு விசா வாங்கித் துபாய்க்குப் புறப்பட்டேன்.

தேராவில் ஒரு துணிக்கடை

துபாய் நகரை அதன் கழிமுகம் இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கரை பர்துபாய், மறுகரை தேரா. தேராவிலிருந்த ஒரு மொத்தத் துணிக்கடையில் மூட்டை தூக்கும் உதவியாளனாகச் சேர்ந்தேன். மாதம் 600 திர்ஹம். அன்று ஒரு திர்ஹத்துக்கு மூன்று ரூபாய்க்கும் குறைவாகவே கிடைத்தது.

அங்கே முதன்முதலாக என்னைத் திகைக்க வைத்தது மொழி. குர்ஆன் ஓதக் கற்றிருந்ததால் அரபி எழுத்துகளைக் கூட்டி வாசிக்க முடிந்தது. கடைப்பலகையை வாசிப்பேன், ரசீதை வாசிப்பேன், பொருள் விளங்காது. வாசிக்கத் தெரிந்தும் புரியாத நிலை எவ்வளவு வெட்கத்துக்குரியது என்பதை அந்தக் கடையில்தான் உணர்ந்தேன். இத்தனை ஆண்டுகள் இறைமறையையும் அப்படித்தானே ஓதி வந்தோம் என்ற எண்ணம் உள்ளத்தைத் தைத்தது. நாளுக்கு ஐந்து சொற்கள் என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிப் படித்தேன். இரண்டாண்டுகளில் பேரம் பேசும் அளவுக்கு அரபி வந்தது. அதோடு, தொழுகையில் ஓதும் சூராக்களின் பொருளும் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கத் தொடங்கிற்று. அல்ஹம்துலில்லாஹ்.

இரண்டாவது திகைப்பு இன்பமானது. அரபியர் கந்தூராவுக்கு உள்ளே அணியும் வஸார் எங்கள் ஊர்க் கைலியின் உறவுதான். ஏமன் நாட்டவரும் சோமாலியரும் அதுபோன்ற துணியையே உடுத்துவர். அவர்கள் வந்து துணி கேட்கும்போது, கடையில் எவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. இழையை எண்ணுவேன், நூல் நம்பரைச் சொல்வேன், இது சாயம் போகும், இது போகாது என்று காட்டுவேன். மூட்டை தூக்கியவன் ஓராண்டுக்குள் விற்பனைக்கு நிறுத்தப்பட்டேன். எந்தத் தறியிலிருந்து தப்பி ஓடினேனோ அந்தத் தறியே கடல் கடந்து வந்து எனக்குச் சோறு போட்டது.

மூன்றாவதாகக் கற்றது கணக்கெழுத்து. எங்கள் கடையின் கணக்கர் குஜராத்தி இந்துப் பெரியவர் ஒருவர். அந்தச் சந்தையில் பல்லாண்டுப் பழக்கம் உள்ளவர். கடை அடைத்த பின் பற்று வரவு எழுதும் முறையை எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தார். 1966 வரை வளைகுடாவின் பல பகுதிகளில் இந்திய ரூபாயே செல்லுபடியானதையும், அதற்கென 1959இல் நம் ரிசர்வ் வங்கி தனி நோட்டு அச்சிட்டதையும், அந்த ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்ட பின்னரே அவர்கள் வேறு நாணயத்துக்கு மாறியதையும், அமீரகத் திர்ஹம் 1973இல்தான் பிறந்ததையும் அவர் வாயிலாகவே அறிந்தேன். "நாணயம் மாறும்; நாணயம் தவறாமை மட்டும் மாறக்கூடாது" என்பது அவர் போதனையின் சாரம். மார்க்கம் வேறாயினும் அவரை என் ஆசிரியராகவே மதிக்கிறேன்.

கணக்கில் வராதவை

இவற்றுக்கெல்லாம் நான் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். கடிதம் போய்ச் சேர இரண்டு வாரம். பதில் வர இரண்டு வாரம். ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவோம். என் மூத்த மகன் நடை பயின்றதை நான் காணவில்லை. அவன் முதன்முதலில் "வாப்பா" என்று அழைத்ததை ஒலிநாடாவில்தான் கேட்டேன். 1988இல் என் வாப்பா மவுத்தானார்கள். செய்தி எனக்குக் கிடைத்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. எனக்கு நூல் பார்க்கக் கற்றுத் தந்த கைகளை நான் இறுதியாகப் பற்றவில்லை. இந்தப் பற்றை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

1990 ஆகஸ்டில் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோது நம் நாட்டவர் 1,70,000க்கும் மேற்பட்டோர் ஜோர்டான் வழியாக விமானங்களில் மீட்கப்பட்டனர். பல்லாண்டு உழைத்துக் கடையும் சேமிப்பும் கண்டவர்கள் கைப்பெட்டியோடு ஊர் திரும்பினர். நாங்கள் துபாயில் இருந்து அதைப் பார்த்தோம். உழைத்த இடத்திலேயே அனைத்தையும் குவித்து வைப்பது அறிவுடைமையாகாது என்று அப்போது உறைத்தது.

பதின்மூன்று நோட்டுகள்

1996இல் ஊர் திரும்பினேன். அதற்குள் விற்பனை மேலாளன் ஆகியிருந்தேன். திர்ஹத்தின் மதிப்பு ஒன்பது ரூபாயைத் தாண்டியிருந்தது. பதின்மூன்று ஆண்டுகள் தவறாமல் டிராப்ட் அனுப்பியவன் என்ற இறுமாப்பு எனக்கு. வந்து பார்த்தால் வங்கியிருப்பு நான் எண்ணியதில் பாதியும் இல்லை. உறவினர் ஒருவர், "பெண்கள் கையில் பணத்தைக் கொடுத்தால் இப்படித்தான்" என்று காதில் போட்டார். அந்தச் சொல்லுக்கு நான் செவி கொடுத்துவிட்டேன். ஒருநாள் இரவு என் மனைவியிடம், "அனுப்பிய பணமெல்லாம் எங்கே?" என்று கேட்டேன்.

அவர் பதில் பேசவில்லை. அலமாரியைத் திறந்து, துணியில் கட்டி வைத்திருந்த பதின்மூன்று நோட்டுகளை எடுத்து என் முன்னால் வைத்தார். ஆண்டுக்கு ஒன்று. எட்டாம் வகுப்பு வரை படித்தவர் அவர். டிராப்ட் வந்த தேதி, திர்ஹத்தின் அன்றைய விலை, கைக்கு வந்த ரூபாய், பிறகு செலவு வரிசை எல்லாம் தெளிவாக இருந்தன. இரண்டு நாள்கள் அமர்ந்து படித்தேன். விசாக் கடன், என் இரு தங்கைகளின் திருமணம், வாப்பாவின் வைத்தியம், கூரை மாற்றியது, பிள்ளைகளின் படிப்பு, ஆண்டுதோறும் தவறாத ஜகாத். ஒரு ரூபாயும் விடுபடவில்லை.

ஆறாவது நோட்டில் "சொந்த வரவு" என்றொரு வரி தென்பட்டது. அடுத்த இரண்டு நோட்டுகளிலும் அது தொடர்ந்தது. என்னவென்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். வாப்பா நோயுற்றுக் கிடந்த ஆண்டில் என் பணம் போதாமல், அவர் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றியிருக்கிறார். அந்தக் கடன் தீரும் வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்திருக்கிறார். மொத்தம் 11,400 ரூபாய். "எழுதினால் தாங்கள் அங்கே நிம்மதியாக வேலை பார்க்க மாட்டீர்கள் என்று எழுதவில்லை" என்றார்.

துபாய்ப் பேரேட்டைக் கற்றுத் தேர்ந்ததாக எண்ணியிருந்த நான் அன்று தலை குனிந்தேன். குடும்பத்தைத் தாங்கியவன் நான் மட்டுமே என்ற கணக்கு, தவறான கணக்கு.

ஒரு தேதி

துபாயிலேயே கடை வைத்திருக்கலாமே என்று பலர் கேட்டதுண்டு. பொதுப் பகுதியில் வணிக நிறுவனம் தொடங்க, 51 விழுக்காடு பங்கு அந்நாட்டுக் குடிமகன் பெயரில் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. பெரும்பாலான தொழில்களுக்கு அது தளர்ந்தது 2021இல்தான். ஆகவே ஊரில் நெய்து அங்கே அனுப்புவது என்று தீர்மானித்தேன்.

வட்டிக்கடன் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு ஷாம் தேசத்துக்கு வணிகம் சென்றார்கள் அல்லவா? ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு என்ற அந்த முளாரபா முறையே நமக்கு முன்மாதிரி. என் சேமிப்பு 2,00,000 ரூபாய். கணவரை இழந்த என் பெரியம்மா மகள் லாத்தா 1,50,000 ரூபாய் தந்தார்கள். அது அவர்களுடைய கணவர் வளைகுடாவில் உழைத்து முடித்தபோது கிடைத்த பணிக்கொடை. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சி வைக்கும்படி பணிக்கிறது. அதற்கிணங்க எழுதிக்கொண்டோம். இலாபத்தைப் பேசிய விகிதத்தில் பகிர்வது. நட்டம் வந்தால் அவரவர் முதலின் அளவில் ஏற்பது. உழைத்தவனின் கவனக்குறைவால் நட்டம் வந்தால் அவனே பொறுப்பு. இதுதான் உடன்படிக்கை.

இரண்டு சரக்குகள் நலமாகப் போயின. 1998 செப்டம்பரில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. அவ்வாண்டு ரமளான் டிசம்பர் பிற்பகுதியில் தொடங்கவிருந்தது. பெருநாள் விற்பனைக்கான கைலிகள் அவை. மதிப்பு 4,20,000 ரூபாய். எல்.சி. எனப்படும் வங்கிக் கடனுறுதிப் பத்திரம் வந்தது. நவம்பர் 10க்குள் கப்பலேற்ற வேண்டும் என்பது அதிலிருந்த நிபந்தனை.

எல்.சி.யின் இயல்பை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை. தாள்களை மட்டுமே பார்க்கும். துணி முதல்தரமாக இருக்கலாம். ஆனால் கப்பல் ரசீதில் தேதி ஒருநாள் பிந்தியிருந்தால் போதும், வங்கி பணம் தர மறுக்கலாம். உலகெங்கும் வங்கிகள் பின்பற்றும் விதி இது.

அந்தச் சமயத்தில் நூல் விலை சற்று ஏறியிருந்தது. இறங்கும் என்று பன்னிரண்டு நாள்கள் காத்திருந்தேன். சில ஆயிரம் மிச்சமாகும் என்ற ஆசை. பிறகு நூல் வாங்கிச் சாயத்துக்குக் கொடுத்தபோது ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. சாயமேற்றிய நூல் உலரவில்லை. தறிக்குழிகளில் ஈரம். சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறியது நவம்பர் 14.

நான்கு நாள் தாமதம். வங்கி தாள்களைத் திருப்பிற்று. வாங்குபவர் சமயம் பார்த்து விலையில் கால் பங்கைக் குறைத்தார். வேறு வழியின்றி 3,15,000க்கு இசைந்தேன். துறைமுகச் செலவும் வங்கிச் செலவும் 35,000. கைக்கு வந்தது 2,80,000. போட்ட முதல் 3,50,000. நட்டம் 70,000. முதலின் அளவில் பிரித்தால் லாத்தாவின் பங்குக்கு 30,000.

"மழையால் வந்த நட்டம், அல்லாஹ்வின் நாட்டம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, லாத்தாவிடம் காட்டுவதற்காகக் கணக்கு எழுதினேன். அருகிலிருந்த என் மனைவி தம் நோட்டைப் புரட்டினார். "எல்.சி. வந்த அன்றே நவம்பர் 10 என்று எனக்குச் சொன்னீர்கள், எழுதியிருக்கிறேன். நூல் வாங்கிய தேதியும் இதில் இருக்கிறது. நடுவில் பன்னிரண்டு நாள்கள் ஏன் காலியாக இருக்கின்றன?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மை என்பதால் வந்த கோபம். அன்றிரவு உறக்கம் இல்லை. மறுநாள் எங்கள் ஆலிம் அவர்களிடம் சென்று, எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர்கள் கேட்டது ஒன்றே: "இந்தத் தொழில் தெரிந்த ஒருவர், இந்த மாதத்தில், இந்தத் தேதியை வைத்துக்கொண்டு காத்திருப்பாரா?"

வேறு எவருக்கேனும் அது கடினமான கேள்வியாக இருந்திருக்கலாம். நான் நெசவாளியின் மகன். ஐப்பசியில் சாயநூல் உலராது என்பது பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். "காத்திருக்க மாட்டார், ஹஜ்ரத்" என்றேன். "அப்படியானால் தீர்ப்பை நீங்களே சொல்லிவிட்டீர்கள்" என்றார்கள்.

லாத்தாவிடம் 1,20,000 ரூபாயைக் கொடுத்து, மீதி 30,000 என் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர்கள் வேண்டாம் என்றார்கள். "தாங்கள் விட்டுக்கொடுப்பது தங்கள் பெருந்தன்மை, தருவது என் கடமை" என்றேன். மாதம் 2,000 வீதம் பதினைந்து மாதங்களில் தீர்த்தேன். அந்த மாதங்களில் வீட்டில் பல செலவுகள் நின்றன. யாரும் முகம் சுளிக்கவில்லை. கடைசித் தவணை கொடுத்த அன்று லாத்தா சொன்னார்கள்: "தம்பி, அடுத்த சரக்குக்கும் என் பணத்தை வைத்துக்கொள்." நான் செய்த வியாபாரத்தில் கிடைத்த மிகப் பெரிய இலாபம் அந்தச் சொல்தான்.

இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகம் செய்தவர்கள். குறையுள்ள துணியொன்றை அதன் குறையைச் சொல்லாமல் கூட்டாளி விற்றுவிட்டதை அறிந்து, அந்தப் பணத்தையே தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றில் காண்கிறோம். அந்நிகழ்ச்சியைச் சிறு வயதில் கேட்டிருக்கிறேன். அதன் கனம் 1998இல்தான் புரிந்தது.

புறப்படும் பிள்ளைகளுக்கு

இனி அந்த இளைஞருக்கும் அவரைப் போன்றோருக்கும் சில சொற்கள்.

பதிவு பெற்ற முகவரா என்பதை இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையத்தளத்தில் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள். முகவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு உண்டு. வேலை ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தனியே பாருங்கள். அமீரகத்தில் பணிக்கொடை அதைக் கொண்டே கணக்கிடப்படும். முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள் சம்பளம். படிகளை உயர்த்தி அடிப்படையைக் குறைத்தால் இழப்பு உங்களுக்கே.

ஊரிலிருந்து நீங்கள் கொண்டுபோகும் கைத்தொழில் அறிவை இழிவாக எண்ணாதீர்கள். அந்நாட்டு மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். ரூபாய் மதிப்பு இறங்குவதால் உங்கள் பணம் பெருகுவதாகத் தோன்றும். ஊரில் விலையும் சேர்ந்தே ஏறுகிறது என்பதை மறவாதீர்கள். அனுப்பும் பணத்தைப் பற்றி வீட்டாரிடம் கலந்து பேசுங்கள். அவர்கள் எழுதும் கணக்கை ஆண்டுக்கொரு முறையேனும் வாசியுங்கள். சந்தேகத்தோடு வாசிக்காதீர்கள், நன்றியோடு வாசியுங்கள்.

சகோதரிகளே, நீங்கள் எழுதுங்கள். உங்கள் எழுத்து அழகாக இல்லாமற்போனாலும் பரவாயில்லை. தேதி மட்டும் சரியாக இருக்கட்டும்.

எங்கள் ஊரில் தறிச் சத்தம் இன்று மிக அருகிவிட்டது. நானும் வியாபாரத்தைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டேன். என் மகள்தான் கணக்கைப் பார்க்கிறாள், கணிப்பொறியில். ஆனால் சரக்கு அனுப்ப வேண்டிய கடைசித் தேதியை மட்டும் அவள் தன் உம்மாவின் நோட்டிலும் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குகிறாள்.

நாளை மறுமையில் நாம் அனைவரும் ஒரு பேரேட்டின் முன் நிற்கத்தான் போகிறோம். அதில் காலியாகக் கிடக்கும் நாள்களைப் பற்றி அங்கே கேட்கப்படுமுன், இங்கேயே நம்மைக் கேட்டு நிறுத்தும் ஒருவர் வீட்டில் இருப்பது இறைவனின் அருட்கொடை. ஹலாலான சம்பாத்தியத்தையும், கணக்கில் தூய்மையையும், பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கு மன அமைதியையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.